நெல்லி பிளையின் 'வேர்ல்ட்' பத்திரிகையைச் சுவரிதழில் போடலாமா?

தாம்வே டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். யங்கூன் தாம்வேயில் ஒரு கோவில் மண்டபத்தில் சனி, ஞாயிறுகளில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பெரிய பிள்ளைகள் மாதாமாதம் கையால் எழுதி ஒரு சுவரிதழ் ஒட்டுவார்கள். அடுத்த இதழுக்கு ஒரு மாணவி நெல்லி பிளையைப் பற்றி எழுதி வந்திருக்கிறாள். மனநோயாளிபோல நடித்து ஆஸ்பத்திரிக்குள் போய், அங்கே நடப்பதை வெளியே கொண்டுவந்த நிருபர். பிறகு 72 நாளில் உலகத்தைச் சுற்றியவர். எட்டாம் வகுப்புப் பிள்ளை எழுதியது என்று சொல்ல முடியாது, அவ்வளவு நன்றாக இருக்கிறது.

மண்டபம் தரும் கமிட்டியில் ஒரு பெரியவர் அதைப் படித்துவிட்டு, "அந்தப் பெண் வேலை பார்த்தது ஒரு மஞ்சள் பத்திரிகையில். கோவில் சுவரில் அது வேண்டாமே" என்கிறார். அவர் நிறையப் படித்தவர், வாய்க்கு வந்ததைச் சொல்கிறவர் இல்லை. எனக்கும் 'நியூயார்க் வேர்ல்ட்' பற்றி அதிகம் தெரியாது. தேடினால் ஒருவர் ஏழைகளின் பத்திரிகை என்கிறார், இன்னொருவர் போர் மூட்டிய பத்திரிகை என்கிறார். பத்திரிகைக்காரர்களுக்குக் கொடுக்கும் புலிட்சர் பரிசும் அதே முதலாளி பெயரில்தானே இருக்கிறது?

பிள்ளைகளிடம் நான் எதைச் சொல்வது? கட்டுரையை ஒட்டலாமா, எடுத்துவிடலாமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பான்சொடான் புத்தகக்கடை

டீச்சர், முதலில் அடிப்படைத் தகவல்கள். 'வேர்ல்ட்' 1860-இல் நியூயார்க்கில் தொடங்கியது. தொடங்கியவர் புலிட்சர் இல்லை. ஜோசப் புலிட்சர் ஹங்கேரியில் பிறந்தவர், 17 வயதில் அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு ஆள் எடுத்தபோது கப்பலேறிப் போனவர், அப்போது இங்கிலீஷ் கூடச் சரியாகத் தெரியாது. செயின்ட் லூயிஸ் நகரத்தில் பத்திரிகை நடத்தி முன்னுக்கு வந்து, 1883 மே மாதம் ஜே கூல்டு என்ற ரயில்வே முதலாளியிடமிருந்து 'வேர்ல்ட்'டை 3,46,000 டாலருக்கு வாங்கினார். அப்போது சுமார் 15,000 பிரதி போய்க்கொண்டிருந்தது. இரண்டு வருஷத்துக்குள் ஒரு லட்சத்தைத் தாண்டியது. 1931 பிப்ரவரி 27-இல் கடைசி இதழ்.

வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட் 1895-இல் 'ஜர்னல்' பத்திரிகையை வாங்கிப் போட்டிக்கு வந்த பிறகுதான் 'மஞ்சள்' என்ற பேச்சே வந்தது. 'வேர்ல்ட்'டில் மஞ்சள் அங்கி போட்ட ஒரு சேரிப் பையன் கேலிச்சித்திரமாக வந்துகொண்டிருந்தான். வரைந்த ஓவியரை ஹெர்ஸ்ட் அதிகச் சம்பளம் கொடுத்து இழுத்துக்கொண்டார். புலிட்சர் வேறு ஓவியரை வைத்து அதே பையனைத் தொடர்ந்து போட்டார். ஆக ஒரே பையன் இரண்டு பத்திரிகையிலும் வந்தான், அவன் அங்கியின் மஞ்சள்தான் அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டது. நெல்லி பிளை ஆஸ்பத்திரிக்குள் போனது 1887-இல். கமிட்டிப் பெரியவர் சொல்லும் சங்கதிக்கு எட்டு வருஷம் முந்தியது அது.

நம்ம கட்டுக்காரர் ஐயா இந்தப் பத்திரிகையைப் பற்றி என் கடையில் கிடைத்ததையெல்லாம் வாங்கிப் படித்தவர். அவர் வந்தால் இன்னும் சொல்வார்.

கட்டுக்காரர்

டீச்சரம்மா, ஒட்டுங்கள். ஆனால் பக்கத்திலேயே இன்னொன்றும் ஒட்டுங்கள், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் பத்திரிகை எழுதியவன் இல்லை, விற்றவன். 60-களின் தொடக்கத்தில், பையனாக இருந்தபோது, சூலே பகோடாவிலிருந்து மொகல் தெரு வரைக்கும் பெரியப்பாவோடு கட்டு சுமந்தேன். இப்போது அது சுவே பொந்தா தெரு. பர்மியப் பத்திரிகை, இங்கிலீஷ் பத்திரிகை, நம்ம தமிழ்ப் பத்திரிகை, மூன்றும் இருக்கும். அதனால் ஒரு பத்திரிகையை நான் எடைபோடுவது அதை யார் காசு கொடுத்து வாங்கினார்கள், யார் தெருவில் நின்று விற்றார்கள் என்பதை வைத்துத்தான்.

புலிட்சர் வாங்கிய 'வேர்ல்ட்' எட்டுப் பக்கம், இரண்டு சென்ட். அன்றைக்கு 'நியூயார்க் டைம்ஸ்' நான்கு சென்ட். விலை மட்டும் காரணமில்லை. அந்த ஊரில் ஒண்டுக்குடித்தனக் கட்டடங்களில் ஜன்னல் இல்லாத அறைகளில் அடைந்து கிடந்த ஜனங்கள், கப்பலிலிருந்து இறங்கி இன்னும் பாஷை பழகாதவர்கள், அவர்களைப் பற்றி மற்றப் பத்திரிகைகள் பேசியது குறைவு. அந்த முதல் கோடையிலேயே கடும் வெயில் அடித்தது. புழுக்கத்தில் அந்த வீடுகளில் கைக்குழந்தைகள் செத்தார்கள். 'வேர்ல்ட்' அதை முதல் பக்கத்தில் போட்டது. தலைப்புகள் கொடூரமாகத்தான் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் செத்தது உண்மை, செத்த வீடு உண்மை. பரபரப்பு என்று சொல்லி ஒதுக்குகிறவர்கள் அந்தக் குழந்தைகளை எங்கே எழுதியிருப்பார்கள் என்று நான் கேட்பேன்.

அடுத்தது சுதந்திர தேவி சிலை. பிரான்ஸ் சிலையைக் கொடுத்துவிட்டது, நிற்க வைக்கப் பீடம் கட்டப் பணமில்லை. பணக்காரர்கள் கையை விரித்தார்கள், மாநில அரசும் தரவில்லை. 1885 மார்ச்சில் 'வேர்ல்ட்' வாசகர்களிடம் கேட்டது. எவ்வளவு சின்னத் தொகை கொடுத்தாலும் பெயரைப் பத்திரிகையில் போடுவோம் என்றது. ஆகஸ்டுக்குள் ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்துவிட்டது. கொடுத்தவர்கள் 1,20,000 பேருக்கு மேல், பெரும்பாலோர் ஒரு டாலருக்கும் குறைவாகக் கொடுத்தவர்கள்.

பெயர் போட்டது எவ்வளவு பெரிய விஷயம் என்பது கட்டு சுமந்தவனுக்குத் தெரியும். எங்கள் தமிழ்ப் பத்திரிகையில் கோவில் திருப்பணிக்குக் கொடுத்தவர்கள் பட்டியல் வரும் நாளில், படிக்கத் தெரியாத கூலிக்காரர் கூட ஒரு பிரதி வாங்குவார். என் கையில் கொடுத்து, "தம்பி, இதில் நான் எங்கே இருக்கிறேன், காட்டு" என்பார். விரலை வைத்துக் காட்டினால் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். பிறகு அந்தப் பக்கம் வெளியே தெரியும்படி மடித்து, லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டு போவார். புலிட்சர் வியாபாரி, அந்தப் பெயர்களால் அவர் விற்பனையும் ஏறியது. ஏறட்டும். பீடம் எழுந்தது, 1886 அக்டோபரில் சிலை நின்றது.

இனி உங்கள் மாணவியின் கட்டுரை. அவளிடம் ஒன்று கேளுங்கள்: பிளாக்வெல் தீவு ஆஸ்பத்திரியில் நெல்லி பிளை பார்த்த ஒரு ஜெர்மன் பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறாளா? அந்தப் பெண்ணுக்கு ஜெர்மன் தவிர வேறு பாஷை தெரியாது. புத்தி தெளிவாகத்தான் இருந்தது. அவள் சொல்வதை யாரும் மொழிபெயர்க்கவில்லை, அப்படியே உள்ளே தள்ளிவிட்டார்கள். பத்து நாள் நெல்லி உள்ளே இருந்தார். கெட்டுப்போன சாப்பாடு, பனிபோன்ற தண்ணீரில் குளியல், ஒருத்தி குளித்த தண்ணீரிலேயே அடுத்தவள். எழுதியது வெளியே வந்ததும் கிராண்ட் ஜூரி, அதாவது கோர்ட்டுக்காக விசாரிக்கும் குடிமக்கள் குழு, நேரில் போய்ப் பார்த்தது, அந்த ஆஸ்பத்திரியை நடத்தும் துறைக்கு நகரசபை பணம் கூட்டியது. எனக்கு எல்லாவற்றையும்விட அந்த ஜெர்மன் பெண்தான் மனதில் நிற்கிறாள். பர்மிய பாஷை வராத நம்ம ஆச்சிகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவர்களுக்கு ஏன் என்று புரியும். வலி எங்கே என்று கேட்பார்கள், இவர் தமிழில் சொல்வார், அவர்கள் வேறெதையோ எழுதிக்கொள்வார்கள். தமிழ் வகுப்புச் சுவரில் ஒட்ட இதைவிடப் பொருத்தமான கதை எது?

சரி, இன்னொன்று ஒட்டச் சொன்னேனே, அது 1899 ஜூலையில் நடந்த பேப்பர் பையன்களின் வேலைநிறுத்தம்.

கணக்கைப் பாருங்கள். நூறு பிரதி கொண்ட கட்டு 50 சென்ட். ஒரு பிரதி ஒரு சென்ட் என்று விற்றால் கட்டுக்கு 50 சென்ட் லாபம். 1898-இல் ஸ்பெயினோடு போர் வந்ததும் பத்திரிகை பறந்தது, 'வேர்ல்ட்'டும் 'ஜர்னல்'லும் கட்டு விலையை 60 ஆக்கின. போர் நடந்தபோது நிறைய விற்றதால் பையன்களுக்கு அது உறைக்கவில்லை. போர் முடிந்தது, விற்பனை இறங்கியது. மற்றப் பத்திரிகைகள் பழைய விலைக்கு வந்துவிட்டன, இந்த இரண்டும் வரவில்லை. விற்காத பிரதியைத் திருப்பி எடுக்கவும் மாட்டார்கள். சாயந்தரம் கையில் எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவும் பையன் தலையில்.

அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஏஜென்டும் ரிட்டர்ன் எடுக்கமாட்டார். யங்கூன் மழை தெரியுமல்லவா, ஜூலையில் காலை ஏழு மணிக்கே கொட்ட ஆரம்பித்தால் மேலே இருக்கும் பத்துப் பிரதி ஊறிப்போகும். ஊறியதை யாரும் வாங்கமாட்டார்கள். மை கரைந்து முழங்கை வரைக்கும் ஓடும். பெரியப்பா அந்த ஈரப் பிரதிகளை வீட்டில் கயிற்றில் காயப்போட்டு, வேர்க்கடலை விற்கிறவரிடம் வீசைக் கணக்கில் போடுவார். பொட்டலம் மடிக்க அவர் வாங்குவார். வாங்கிய விலையில் கால்வாசி கூடத் தேறாது. மழைக்கும் நாங்களே பொறுப்பு.

நியூயார்க்கில் அந்தப் பையன்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்டார்கள். இரண்டு பத்திரிகையையும் தொடமாட்டோம் என்றார்கள். ஒரு கண்ணில் பார்வையில்லாத பையன் ஒருவன் தலைவர்களில் ஒருவன். கூட்டம் போட்டார்கள், வண்டிகளை மறித்தார்கள். 'வேர்ல்ட்' 3,60,000-லிருந்து 1,25,000-க்கு இறங்கியது என்று கணக்குச் சொல்கிறார்கள். இரண்டு வாரத்தில் முதலாளிகள் இறங்கி வந்தார்கள். கட்டு விலை 60-ஆகவே இருந்தது, ஆனால் விற்காத பிரதியைத் திருப்பி எடுத்துக்கொள்ள ஒத்துக்கொண்டார்கள்.

ஏழையின் ஒரு சென்ட்டுக்கும் பெயர் போட்ட பத்திரிகைதான் ஏழைப் பையனின் பத்து சென்ட்டைப் பிடுங்கியது. பதினான்கு வருஷ இடைவெளி, ஒரே முதலாளி. நெல்லி பிளையை ஒரு பக்கம் ஒட்டுங்கள், அந்தப் பையன்களை அடுத்த பக்கம் ஒட்டுங்கள். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், இரண்டையும் படித்துவிட்டு அவர்களே பேசுவார்கள்.

தாம்வே டீச்சர்

ஐயா, ரொம்ப நன்றி. அந்த ஜெர்மன் பெண்ணைப் பற்றி அவள் எழுதவில்லை. நீங்கள் சொன்னதைப் படித்துக் காட்டினேன், சேர்க்கிறேன் என்று உடனே உட்கார்ந்துவிட்டாள்.

போர் விஷயம் மட்டும் இன்னும் இடிக்கிறது. கமிட்டிப் பெரியவர் முக்கியமாகச் சொல்வது அதைத்தான். 'வேர்ல்ட்' பொய் எழுதிப் போரை உண்டாக்கியது உண்மையா? அப்புறம், இவ்வளவு விற்ற பத்திரிகை ஏன் நின்றது?

பெகு பையன்

நடுவில் வருகிறேன், மன்னிக்கணும். ரிட்டர்ன் விஷயத்தில் ஐயா சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. 2013 ஏப்ரல் 1-இல் தனியார் தினசரிகளுக்கு மறுபடி அனுமதி வந்தபோது பெகுவில் எங்கள் மாமா கடையில் பேப்பர் போட்டோம். முதல் வாரம் வாங்க ஆள் வரிசையில் நின்றது. பிறகு ஒரே நேரத்தில் பல தினசரிகள் வந்து, எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் மிஞ்சியது. ரிட்டர்ன் எடுத்த பத்திரிகையை மாமா முன்னால் வைத்தார், எடுக்காததைக் கேட்டால் மட்டும் கொடுத்தார். கடைக்காரன் எதை முன்னால் வைக்கிறானோ அதுதான் விற்கும்.

கட்டுக்காரர்

பெகு தம்பி, சரியான பேச்சு.

டீச்சரம்மா, போர் விஷயத்தில் நான் 'வேர்ல்ட்'டுக்கு வக்காலத்து வாங்கமாட்டேன். கியூபாவில் 1895-லிருந்தே ஸ்பெயினுக்கு எதிராகக் கிளர்ச்சி நடந்தது. ஸ்பெயின் தளபதி கிராமத்து ஜனங்களை முகாம்களில் அடைத்தார், அங்கே பசியாலும் நோயாலும் ஏராளமானோர் செத்தார்கள். இது பத்திரிகை கட்டிய கதை இல்லை. 1898 பிப்ரவரி 15-இல் ஹவானா துறைமுகத்தில் 'மெயின்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்து 260-க்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். ஏன் வெடித்தது என்று அன்று யாருக்கும் தெரியாது. அங்கேதான் 'ஜர்னல்' எதிரியின் சதி என்று முடிவே கட்டி, குற்றவாளியைக் காட்டினால் 50,000 டாலர் என்று முதல் பக்கத்தில் போட்டது. 'வேர்ல்ட்'டும் குண்டா, டார்பிடோவா என்று கேட்டுக் கேட்டே ஜனங்களைக் கொதிக்கவைத்தது. தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதினார்கள். அது பாவம்தான், சின்னப் பாவம் இல்லை. ஆனால் போருக்குப் பத்திரிகை மட்டுமே காரணம் என்பதும் சரியில்லை. வாஷிங்டனில் போர் வேண்டும் என்றவர்கள் பத்திரிகை பார்த்து முடிவெடுக்கிற ஆட்கள் இல்லை.

போட்டி வந்த பிறகுதான் 'வேர்ல்ட்' கெட்டது என்பது என் அபிப்பிராயம். அதற்கு முன்னாலும் கத்தியது, ஆனால் போய்ப் பார்த்துவிட்டுக் கத்தியது. 1896-இல் ஹெர்ஸ்டுக்குப் பயந்து விலையை ஒரு சென்ட்டாகக் குறைத்தார்கள். அதோடு போய்ப் பார்க்கும் பொறுமையும் குறைந்தது. 1900-க்குப் பிறகு மெல்ல மெல்லத் தன் நிலைக்குத் திரும்பியது. பனாமா கால்வாய்க்காக அமெரிக்கா கொடுத்த 4 கோடி டாலர் யார் கைக்குப் போனது என்று 1908-இல் கேட்டபோது, ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கோபப்பட்டு அரசாங்கமே அவதூறு வழக்குப் போட்டது. 1911-இல் உச்ச நீதிமன்றம் பத்திரிகைப் பக்கம் நின்றது. 1921-இல் கூ கிளக்ஸ் கிளான் என்ற நிறவெறிக் கும்பலின் உள்விவகாரங்களை 21 நாள் தொடராக வெளியிட்டு, அதற்கு அடுத்த வருஷம் புலிட்சர் பரிசும் வாங்கியது.

ஏன் நின்றது? புலிட்சர் 1911-இல் இறந்தார். கடைசி இருபது வருஷம் கண் பார்வை கிட்டத்தட்ட இல்லை, செயலாளர்கள் படித்துக் காட்டக் காட்டப் பத்திரிகை நடத்தினார். பத்திரிகையை விற்கக்கூடாது என்று உயிலில் எழுதிவைத்தார். பிள்ளைகள் கையில் நட்டம் ஏறியது, 1931-இல் கோர்ட்டுக்குப் போய் அந்த உயில் நிபந்தனையைத் தாண்ட அனுமதி வாங்கி, ஸ்கிரிப்ஸ்-ஹவார்டு கம்பெனிக்கு 50 லட்சம் டாலருக்கு விற்றார்கள். வேலை செய்தவர்கள் தாங்களே பணம் சேர்த்து வாங்கிக்கொள்கிறோம் என்று கெஞ்சினார்கள், நடக்கவில்லை. 2,000-க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். அது பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலம் வேறு. பெயர் 'வேர்ல்ட்-டெலிகிராம்' ஆனது. பிறகு 1966-இல் மிஞ்சியிருந்த சில பத்திரிகைகளை ஒன்றாக்கி 'வேர்ல்ட் ஜர்னல் டிரிப்யூன்' என்று ஒன்று வந்தது. அடித்துக்கொண்ட 'வேர்ல்ட்'டும் 'ஜர்னல்'லும் ஒரே தலைப்பில். அதுவும் 1967 மே மாதம் நின்றது.

அதே 60-களின் நடுவில்தான் ரங்கூனில் எங்கள் தமிழ்ப் பத்திரிகைகளும் நின்றன. தனியார் பத்திரிகைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, தமிழுக்கும் சீனத்துக்கும் அனுமதி இல்லை. காலையில் பெரியப்பா பழக்கத்தில் எழுந்து கயிற்றை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான்தான் போய்க் கூப்பிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குத் தாங்காது. ஆகவே பிள்ளைகள் கையால் எழுதி ஒட்டுகிற ஒரு தாளை யாராவது எடு என்றால், யோசித்துச் சொல்லுங்கள் என்று நான் கேட்பேன்.

பான்சொடான் புத்தகக்கடை

டீச்சர், பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம் பிடிக்கும். நெல்லி பிளை 1889 நவம்பர் 14-இல் கிளம்பி 1890 ஜனவரி 25-இல் முடித்தார். வழியில் கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர் எல்லாம் உண்டு. கொழும்பில் அடுத்த கப்பல் தாமதமாகி ஐந்து நாள் தவித்தார். ரங்கூன் அவர் வழியில் இல்லை. ஆனால் வங்காள விரிகுடாவின் தெற்குப் பக்கமாகத்தான் போனார், வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டலாம்.

இரண்டாவது, குறுக்கெழுத்துப் புதிர். 1913 டிசம்பர் 21 ஞாயிறு 'வேர்ல்ட்'டில் ஆர்தர் வின் என்பவர் சாய்சதுர வடிவில் ஒன்று போட்டார். இன்றைக்கு உலகம் பூராவும் போடும் குறுக்கெழுத்து அங்கிருந்துதான் கிளம்பியது. அதே வடிவத்தில் தமிழில் ஒன்று செய்யச் சொல்லுங்கள். உயிர்மெய்யை ஒரே கட்டத்தில் எழுத வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் சண்டை வரும்.

தாம்வே டீச்சர்

இந்தப் பதில்களை அச்செடுத்துக் கமிட்டிப் பெரியவரிடம் கொடுத்தேன். பொறுமையாகப் படித்தார். பேப்பர் பையன்களையும் சேர்த்து ஒட்டுவதானால் தனக்குச் சம்மதம் என்றார். அந்தப் பகுதியை எழுத இரண்டு பையன்கள் கை தூக்கியிருக்கிறார்கள். நூறு பிரதிக் கணக்கை ஒரு பட்டியலாகவே போடப்போகிறார்களாம். கட்டுக்காரர் ஐயா, ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வகுப்புக்கு வர முடியுமா? கட்டு எப்படிக் கட்டுவது என்று காட்டினால் பிள்ளைகள் பார்ப்பார்கள்.

கடைசியாக ஒரு சந்தேகம். "நீ படத்தை அனுப்பு, போரை நான் தருகிறேன்" என்று ஹெர்ஸ்ட் தந்தி அடித்ததாக ஒரு பையன் எழுதியிருக்கிறான். அதைப் பெரிய எழுத்தில் போட ஆசைப்படுகிறான். போடலாமா?

கட்டுக்காரர்

வருகிறேன் அம்மா, தீபாவளிக்கு முந்தின ஞாயிறு வசதிப்படும். பழைய பேப்பரும் சணல் கயிறும் நானே கொண்டுவருகிறேன்.

அந்தத் தந்தி வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள். ஹெர்ஸ்டிடம் வேலை பார்த்த ஜேம்ஸ் கிரீல்மன் 1901-இல் தன் புத்தகத்தில் எழுதியது அது. தந்தியை யாரும் கண்ணால் பார்த்ததில்லை, ஹெர்ஸ்டும் இல்லை என்று சொல்லிவிட்டார். அதற்குப் பதிலாக 50,000 டாலர் பரிசு அறிவிப்பைப் பெரிய எழுத்தில் போடட்டும். அது 'ஜர்னல்' முதல் பக்கத்தில் நிஜமாகவே வந்தது, பக்கத்தின் படமும் கிடைக்கும். பான்சொடான் தம்பி ஒரு அச்சு எடுத்துக் கொடுப்பார்.